உட்கார ஒரு பெஞ்சு

எழுபதுகளின் கடைசியில், போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் எனக்கு மேற்பார்வை வேலை. மலையிலிருந்து இறங்கும் காயைப் பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் நாளெல்லாம் தரம் பிரிப்பார்கள். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முனகியபடி எழுவதை என்னால் தாங்க முடியவில்லை. முதலாளியிடம் கெஞ்சி நீள மேசையும் பெஞ்சும் போட வைத்தேன். "வலி கொறைஞ்சா சோலி வெரசா நடக்கும்" என்று நான்தான் அடித்துச் சொன்னேன்.

வேலை குறைந்தது.

முதலாளி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் உள்ளே வருவார். தரையில் உட்கார்ந்திருந்த நாளில் அவருக்காக யாரும் எழ வேண்டியிருக்கவில்லை. இப்போதோ அவர் தலை தெரிந்ததும் வரிசை மொத்தமும் எழுந்து நிற்கும். அவர் போன பிறகுதான் உட்காரும். "எந்திரிக்காதீங்க ஆத்தா" என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

"நல்லாச் சொன்னீங்கண்ணே! மொதலாளி நிக்கையில நாங்க ஒசக்க உக்காந்திருக்கவா?" என்றார்கள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

எட்டாம் நாள் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "பெஞ்சு போட்டதும் சொகுசு கூடிப்போச்சு. எல்லாத்தையும் தூக்கிரு" என்றார். நீங்கள் உள்ளே வராமல் இருந்தாலே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன், "சரிங்க மொதலாளி" என்றுதான் வந்தது. அவருக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் அதில் உட்கார்ந்ததில்லை.