விரால் அடிப்பானுக்கு விட்ட வரி

கரியில் சோளக்கதிர் வாட்டும் வாசனை வந்தால் இன்றும் என் கழுத்து தானாக வானத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். பக்கத்தில் நிற்பவர்கள் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் சொல்வார்கள். மராட்டிய மண்ணில், கடக்வாஸ்லா அணைக்கரையில், எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்து "புட்டா" என்று விற்கும் அந்தக் கதிரைக் கடித்துக்கொண்டே பறவை பார்க்கப் பழகியவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். அதில் யாருக்கு அதிக சந்தோஷம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

அப்பாவுக்கு ராணுவ மெஸ்ஸில் சமையல் வேலை, குடியிருப்பு வானவடியில். பக்கத்துக் கட்டிடத்தில் கோயம்புத்தூர் சரோஜா அக்கா இருந்தார், பேங்க் வேலை. வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவான ஞாயிற்றுக்கிழமையில்கூட இருட்டோடு எழுந்து, என்னையும் எழுப்பி, ஸ்வார்கேட்டில் பஸ் மாற்றி அணைக்கு இழுத்துப் போவார். அங்கே ஏழெட்டுப் பேர் காத்திருப்பார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பைனாகுலர். அது கழுத்து விட்டுக் கழுத்து மாறும். பறவையை முதலில் கண்டவர் தான் ஆசை தீரப் பார்க்காமல், இன்னும் பார்க்காதவரிடம்தான் முதலில் கொடுப்பார். அப்படிப்பட்ட மனிதர்களை நான் கல்யாணப் பந்தியில்கூடப் பார்த்ததில்லை.

திரும்பும்போது புட்டா கடையில் உட்கார்ந்து "வாசிப்பு" நடக்கும். கூட்டத்துக்கே சித்தப்பா முறையான குல்கர்ணி காகா கோடு போட்ட நோட்டைத் திறப்பார். பறவையின் பெயர், முதலில் பார்த்தவர், இரண்டாவதாகப் பார்த்தவர். இரண்டாவது ஆள் இல்லையென்றால் காகாவே பார்த்திருந்தாலும் எழுதமாட்டார்.

அதுவரை என் பெயர் எழுதப்பட்டதெல்லாம் வகுப்பில் பேசியவர்கள் பட்டியலில்தான். இங்கே மயிலுக்கும் மீன்கொத்திக்கும் பக்கத்தில் எழுதுகிறார்கள் என்றதும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும் "நானும் பாத்தேன்!" என்று கத்துவேன். தையல்கடை ஷிண்டே அண்ணன் பார்த்த அரசவால் ஈப்பிடிப்பானை, பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டே பார்த்தவன் நான்.

அக்காவுக்கு ஒரே ஏக்கம், விரால் அடிப்பான். குளிர்காலத்தில் வந்து, கால்களை முன்னால் நீட்டித் தண்ணீரில் பாய்ந்து மீனைத் தூக்கும் பெரிய கழுகு. மூன்று குளிர்காலம் காத்திருந்தார். ஒரு ஞாயிறு மற்றவர்கள் கடைக்கு நடந்துவிட, அக்காவும் நானும் மட்டும் கரையில் நின்றபோது அது வந்தது. "தொபீர்" என்று தண்ணீர் உடைந்தது. வெள்ளை வயிறு, காலில் துடிக்கும் மீன். மற்றவர்களைக் கூப்பிடுவதற்குள் மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

கடைக்கு ஓடினோம். காகா பேனாவைத் திறந்தார். "ரெண்டாவது யாரு?"

"நான்!"

காகா எழுதவில்லை. பழைய பக்கங்களைப் புரட்டினார். "அரே முருகேஷ், எல்லாப் பக்கத்துலயும் நீதான் இருக்க. ஷிண்டேவோட நீள வால்காரன் எங்க உக்காந்திருந்தான்?"

"தண்ணியில" என்றேன்.

"அது என்ன வாத்தாடா?" என்றார் ஷிண்டே அண்ணன். கடைக்காரர்கூடச் சிரித்தார்.

பழையதெல்லாம் பொய் என்று ஒத்துக்கொண்டால் இன்றைய நிஜமும் போகும். மூன்று வருஷம் காத்திருந்த அக்காவின் பறவை என்னால் போகும். நான் அக்காவைப் பார்த்தேன்.

"உள்ளதச் சொல்லு சாமி. என் பறவை எங்கயும் போயிறாது."

சொன்னேன். காகா ஸ்கேல் வைத்துப் பதினோரு பறவைகளைக் கோடு போட்டு அடித்தார். அதில் மூன்று ஷிண்டே அண்ணனுடையவை. "என் மூணையும் முழுங்கிட்டியேடா, ஏப்பம்கூட விடல!" என்று சொல்லி, தன் புட்டாவில் பாதியை ஒடித்து என் கையில் வைத்தார். ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்தப் பாதிப் புட்டாவை அங்கேயே தின்றிருப்பேன்.

"இன்னிக்குள்ளது?" என்றார் காகா.

"சத்தியமா பாத்தேன் காகா. மீனோட தலை முன்னாடி பாக்குற மாதிரி புடிச்சிட்டுப் போச்சு."

காகாவின் புருவம் ஏறியது. "அப்படித்தான் பிடிக்கும்" என்று பேனாவைத் தாளில் வைத்தார். அக்கா தடுத்தார்.

"வேண்டாங்க காகா. இவனை நான் நம்பறேன். ஆனா நோட்டு நம்பணுமில்லீங்களா?"

காகா பறவையின் பெயரையும் அக்காவின் பெயரையும் பென்சிலில் எழுதி, இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டார். அடுத்த நான்கு ஞாயிறும் வேறெங்கும் போகாமல் மொத்தக் கூட்டமும் அதே கரையில் என்னோடு உட்கார்ந்தது. விரால் அடிப்பான் வரவில்லை. கோடையில் அக்காவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது.

இப்போது நான் டெம்போ ஓட்டுகிறேன். வாகட் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து கம்ப்யூட்டர் வேலைப் பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கூட்டிப் போகிறேன். நல்ல பிள்ளைகள், பீரங்கி மாதிரி கேமரா. பறவை கிளையில் உட்காரும் முன்பே படம் ஃபோன் குழுவில் வந்துவிடும். இரண்டாவது ஆள் யாருக்கும் தேவையில்லை. நாங்கள் உட்கார்ந்த கரையில் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். கடையில் வாசிப்பும் இல்லை. "அண்ணா, பாத்தீங்களா?" என்று கேட்டால், பார்க்காததைப் பார்க்கவில்லை என்பேன். நான் படித்துத் தேறிய ஒரே பாடம்.

முட்டிவலி வந்தபின் காகா அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். போன குளிர்காலம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபோது விரால் அடிப்பான் மறுபடி பாய்ந்தது. அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"தெரியுதாக்கா? அதோ, அதோ!"

"உன் கட்டைவிரல்தான் தெரியுது சாமி."

விரலை எடுப்பதற்குள் மீனோடு மேட்டைத் தாண்டிவிட்டது.

"பரவால்லக்கா, பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நோட்டு எங்கிட்டதான் இருக்கு, ரெண்டாவதா உங்க பேர எழுதிடறேன்."

"பாக்கலையேடா" என்றார் அக்கா. "அடுத்த ஞாயித்துக்கெழம கூப்புடு. வெரல எடுத்துட்டுக் கூப்புடு."