கத்தாமல் நின்ற ஆட்டம்

இலங்கையில் யுத்தம் முடிந்த அடுத்த வருஷம், பாரிஸ் புறநகர்க் கழகம் ஒன்று தன் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணிக்கு என்னைக் கோச்சாக எடுத்தது. அதுவரை அந்த அணிக்குச் சம்பளக் கோச் இருந்ததில்லை. நான் பாரிசுக்குப் பக்கத்துப் பொண்டியில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தோடு பனித்தளத்துக்குப் போய்ப் பழகி, பிறகு பல வருஷம் விளையாடியவன். ஆனாலும் முதல் நாள் அணித்தலைவி சில்வி பிரெஞ்சில் கேட்டாள்:

"உங்கள் நாட்டில் ஐஸ் இருக்கிறதா?"

"இருக்கிறது. மீன்பெட்டிக்குள்."

எல்லாரும் சிரித்தார்கள். வேலை தொடங்கியது.

நான் கரையில் நின்று கத்துகிற கோச். ஆட்டம் முழுக்கக் கத்துவேன். அதுதான் கோச்சின் வேலை என்று நினைத்திருந்தேன்.

கோல் வாசலைக் காக்கும் எங்கள் இரண்டாவது கோலி தர்சினி. பாரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ காய் தெருவின் புடவைக்கடை ஒன்றில் வேலை. பயிற்சிக்குத் தவறாமல் வருவாள், ஆட்டத்தில் இறங்கியதில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவோம். இறங்கினால் சம்பளக் கோச் வைக்க முடியாது என்று கழகத் தலைவர் முன்பே சொல்லிவிட்டார். ஒன்றுக்குப் பூச்சியம் என முன்னணியில் இருந்தபோது முதல் கோலிக்கு முழங்கால் பிசகியது. தர்சினி இறங்கினாள். நான் தமிழிலும் பிரெஞ்சிலும் கத்தினேன். பந்துக்குப் பதிலாக ஆடும் கறுப்பு ரப்பர் வட்டு, பக், அடுத்தடுத்து இரண்டு தடவை கோலுக்குள் போனது.

ஆட்டம் நின்ற இடைவெளியில் அவள் என்னிடம் சறுக்கி வந்து முகமூடியைத் தூக்கினாள்.

"அண்ணை, நீங்கள் கத்தேக்க நான் உங்களைத்தான் பாக்கிறன். பக்கைப் பாக்கேலாமக் கிடக்கு."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"பேசாம நில்லுங்கோ."

என்ன சொன்னாள் என்று சில்வி கேட்டாள். சொன்னேன்.

"இதை உங்களிடம் எப்படிச் சொல்வதென்று நாங்கள் எல்லோருமே யோசித்துக்கொண்டிருந்தோம்" என்றாள்.

அதன்பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. கைகளை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியவில்லை. பக் அவளுடைய காலிலும் கையிலும் பட்டுப் பட்டுத் திரும்பியது. இன்னொரு கோல் போகவில்லை. நாங்களும் அடிக்கவில்லை. தோற்றோம்.

வேலை போயிற்று என்றே வீட்டில் சொன்னேன். அந்தக் கிழமையே அணி முழுவதும் தலைவரின் அறைக்குப் போனது.

"இந்தக் கோச்சை இப்போதுதான் பழக்கி எடுத்திருக்கிறோம். இன்னொருவரை முதலிலிருந்து பழக்க எங்களுக்கு நேரமில்லை" என்றாளாம் சில்வி.

தலைவர் சிரித்து, சம்பளத்தைப் பாதியாக்கி என்னை வைத்துக்கொண்டார். மிச்சத்துக்குப் பகலில் என் மாமாவின் கடையில் வேலைக்கு நின்றேன். அடுத்த பருவத்தில் மேலே ஏறினோம். முழுச் சம்பளமும் வந்தது. கோல் வாசலில் தர்சினி.

புதிதாக வருகிற கோச்சுகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சொல்ல வேண்டியதையெல்லாம் பயிற்சியில் சொல்லிவிடுங்கள். விசில் அடித்தபிறகு ஆட்டம் அவர்களுடையது.