லெனாவின் குறிப்பேடும் மூன்று புள்ளிகளும்

சதர்லாந்து என்கிற மலையூரில் யாஃப்தா வீட்டார் மூன்று தலைமுறையாக ஆட்டு ரோமம் கத்தரித்தவர்கள். தாத்தா யோனாஸ், அப்பா கெர்ட். கெர்ட்டின் இரண்டாம் தாரத்து மூத்த மகள்தான் லெனா. மலைமேல் இருக்கும் வானாய்வு நிலையத்துக்குப் போர்வை துவைக்கப் போனவள், அங்கேயே தொலைநோக்கியை இயக்குகிறவளாகி இருபத்திரண்டு வருஷமாயிற்று.

இரவில் நடப்பதை நேரத்தோடு பதியும் குறிப்பேட்டில் தன் தப்பையும் தானே எழுதிவிடுவாள். ‘இரவு மணி 2.10. தும்மினேன். மேஜை ஆடியது’ என்று ஒருமுறை எழுதியதை ஊரே சொல்லிச் சிரித்தது.

வந்த புதிதில் அவளைக் குடைந்த கேள்வி ஒன்று உண்டு. ஒரு விண்மீனுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று வந்தால், பின்னால் இருப்பது மறையத்தானே வேண்டும்? இங்கே கூடுதலாக அல்லவா ஒளிர்கிறது! முன்னால் வருவதன் ஈர்ப்பு, வேறு பக்கம் போகிற ஒளியையும் வளைத்து நம் பக்கம் திருப்பிவிடுமாம். முன்னால் வருவதற்கு ஒரு கோளும் இருந்தால், நடுவே ஓரிரு மணி நேரம் ஒளி இன்னொரு துள்ளல் துள்ளும். போனால் போனதுதான், திரும்ப வராது.

ஒரு ஜூலையில், போலந்திலிருந்து முதல் தடவையாக வந்திருந்த இளம் ஆய்வாளன் விட்டோல்ட் மத்தியானச் சாப்பாட்டு மேஜையிலேயே கணினியைத் திறந்தான். மூன்று வாரமாகச் சீராக ஒளி கூடிவந்த விண்மீன் ஒன்றின் ஒளியளவைக் காட்டும் கோட்டில், நேற்றைய மூன்று புள்ளிகள் மட்டும் எம்பி நின்றன.

“இந்த மூணையும் தூக்கிடப்போறேன் அக்கா. நீங்க தொலைநோக்கிகிட்ட டார்ச் அடிச்சிருப்பீங்க.”

“அடிக்கல.”

“எழுத மறந்திருப்பீங்க.”

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த சமையற்காரர் அபி சிரித்துவிட்டார். “தும்மலையே எழுதினவ தம்பி இவ! ஏப்பம் விட்டாலும் எழுதுவா.”

“நீங்க சும்மா இருங்க மாமா.” லெனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புள்ளிகள் போனால் அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பும் கூடவே போகும். “பக்கத்து விண்மீனெல்லாம் நேத்து எப்படி இருந்துச்சு? அளந்தியா?”

“இல்ல…”

“டார்ச் வெளிச்சம் ஒரு ஆட்டுமேல மட்டுமா விழும்? பட்டி முழுக்கத்தானே விழும்?”

விட்டோல்ட் பத்து விண்மீனை அளந்தான். பிறகு நாற்பது. தட்டில் ஆட்டுக்கொழுப்பு வெள்ளையாக உறைந்துபோயிற்று. அந்த விண்மீன்களில் ஒன்றுகூட நேற்று கூடுதலாக ஒளிர்ந்திருக்கவில்லை.

“அப்போ அது… கோளா?” அவன் குரல் இறங்கிவிட்டது.

“என்னன்னு நீதான் கணக்குப் போட்டுச் சொல்லணும். நான் டார்ச் அடிக்கலங்கிறது மட்டும் எனக்குத் தெரியும்.”

அவன் குறிப்பேட்டை வாங்கி எழுதினான்: ‘லெனா அக்காவைச் சந்தேகப்பட்டேன். தப்பு என்னுடையது.’

லெனா அதை இரண்டு தரம் படித்துப் பார்த்தாள். பேனாவைத் திரும்ப அவனிடம் நீட்டினாள்.

“நேரம் போடலியே தம்பி?”