காலியான இடம்

பி.காம். காத்திருப்போர் பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அப்பாவும் நானும் தினமும் பஸ் ஏறித் திருவண்ணாமலைக் கல்லூரிக்குப் போவோம். "இடம் இல்லம்மா, நாளைக்கு வாங்க" என்பார்கள். வகுப்புகள் தொடங்கிய பிறகு ஒருநாள், அலுவலக எழுத்தர் எங்களைப் பார்த்ததுமே சிரித்தார்.

"உனக்கு அதிர்ஷ்டம்மா. ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சாம். டி.சி. வாங்க வந்திருக்காங்க."

அந்தப் பெண் அங்கேயேதான் நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவளுடைய அப்பா என் அப்பாவிடம், "இன்னொரு புள்ளைக்காவது உதவுதே, சந்தோஷங்க" என்றார். மனை கைமாறியதுபோல் இருவரும் கைகுலுக்கிச் சிரித்தார்கள்.

"இவங்களுக்குப் படிக்க ஆசையானு யாராவது கேட்டீங்களா?" என்றேன்.

"நீ சும்மா இரு. கையெழுத்துப் போடு" என்றார் அப்பா.

போட்டேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

பௌர்ணமிக் கூட்டம் நெருக்கிய பஸ்ஸில், கல்லூரியில் சீட்டு கிடைத்துவிட்டதென்று அப்பா உறவினர்களுக்கெல்லாம் போனில் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பக்கத்தில் உட்காரவே அருவருப்பாக இருந்தது. எழுந்துபோய், ஊர் வரும்வரை படிக்கட்டருகே நின்றுகொண்டேன்.