தப்பாகக் கேட்ட கெடு

என் சித்தப்பா மகளுடைய மூத்த மருமகளை நாங்கள் எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிடுவோம். ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டும் மேசையில் வேலை. வாயும் அந்தக் கூர்மைதான். அவள் புருஷன், எனக்கு மகன் முறை, லாரி ஓட்டுகிறவன். இஞ்சின் சத்தத்தில் ஒரு காது பாதி போய்விட்டது.

அவளுக்கு ரொம்ப நாளாக உதிரப்போக்கு. உட்காரும் முன் நாற்காலியில் துணி விரிப்பாள், எழுந்ததும் திரும்பிப் பார்ப்பாள். கட்டி என்று சொல்லிக் கடைசியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த புதிதில், தும்மல் வந்தால்கூடத் தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டுதான் தும்முவாள். வாளியைத் தொட்டால் மாமியார்காரி கத்துவாள். மெல்ல மெல்ல நடமாடி, வேலைக்கும் போய்விட்டாள். பல வருடத்துக்குப் பிறகு வெளிர் நிறத்தில் புடவை எடுத்தாள். ஆனால் முகம் மட்டும் தெளியவில்லை.

"என்னடி, இன்னும் வலிக்குதா?" என்று துணி மடிக்கும்போது கேட்டேன்.

"வலி எங்க பெரியம்மா? உங்க மகன் இன்னும் ஹால்லதான் படுக்கிறாரு. தண்ணி குடுத்தாக்கூட விரல் படாம வாங்குறாரு. பையோட சேத்துப் பொண்டாட்டியையும் எடுத்துட்டாங்கன்னு நெனச்சிட்டாரு போல."

"வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டாருன்னா?"



அடுத்த பரிசோதனைக்கு அவர்களோடு நானும் போனேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "உள்ள தையலெல்லாம் நல்லா ஆறியிருக்கு. வீட்ல ரெண்டு பேரும் பழையபடி இருக்கீங்கல்ல?" என்றாள்.

கத்தரி சுவரைப் பார்த்தாள். அவன்தான் முந்திக்கொண்டான்.

"எங்கங்க? ஆறும்வரை தனியாப் படுங்கன்னு நீங்கதான சொன்னீங்க? இவ குனியும்போதெல்லாம் கை வயித்துக்குப் போகுது. இன்னும் ஆறலைன்னு இருந்துட்டேன்."

"ஐயோ அண்ணே! ஆறும்வரை இல்ல, ஆறு வாரம்! வாரம், வாரம்!"

அவள் போட்ட கத்தலில் வெளியே காத்திருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். மாசம் அஞ்சு ஓடியிருந்தது.

படி இறங்கும்போது அவன், "என் கை பட்டு உனக்கு உள்ள ஏதாவது பிரிஞ்சிடுமோன்னு பயம்" என்றான்.

"நான் என்னை மேசைக்கடியில விழுற வெட்டுத்துண்டுன்னு நெனச்சு அழுதுட்டிருந்தேன். நீங்க தையலுக்குக் காவல் இருந்தீங்களா?"

"சரி, இன்னைக்கே உள்ள வந்து படுத்துக்கறேன்."

"வாங்க. ஆனா எனக்கும் பயம் போகலைங்க. பக்கத்துல இருங்க, அது போதும் இப்போதைக்கு."

"இப்போதைக்குன்னா எவ்வளவு நாளு?"

"அதை நான் சொல்றேன். இனிமே நர்ஸைக் கேக்காதீங்க" என்றவள், அத்தனை பேர் பார்க்க அவன் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.