இடமிருந்து மூன்றாவது நூல்கண்டு

கண்தானப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அத்தான் நர்ஸிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும்மா. இந்தக் கண்ணைக் குடுத்தா, வாங்கறவங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடாதே?"

எடுப்பது கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் படலத்தை மட்டும்தான், நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாள் நர்ஸ்.

"கண்ணாடின்னா சரி. அது நம்ம தொழில்தான்" என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

கட்டிலின் மறுபக்கம் நின்ற அவர் மகள் என்னைத்தான் பார்த்தாள். "சித்தி, அப்பாவுக்கு நிறம் தெரியாதா?" முப்பத்து நாலு வயதில் அவளுக்கு அது புதுச் செய்தி. எனக்கு ஆறு வருடப் பழசு. அத்தான் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்ட பிறகு நான் எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் அக்காவின் கணவர் அவர். கண்ணாடிக் கடை ஒன்றின் உள்ளறையில் முப்பத்தைந்து வருடம் லென்ஸ் தேய்த்தார். ஜன்னல் இல்லாத அறை. சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்; தேய்த்த கண்ணாடித்தூள் வெள்ளைக் குழம்பாகத் தட்டில் வழியும். அவர் விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியே இருக்கும். எள்ளளவு திருகாணியைக் கீழே போடாமல் மாட்டுவார். கடையில் அவரை "மாஸ்டர்" என்பார்கள். முதலாளிகூட உள்ளே வரும்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்.

அவர் செய்த தவறு என்று கடையில் ஒன்றே ஒன்றைச் சொல்வார்கள். ஒருவருக்குக் குளிர்கண்ணாடி செய்தபோது ஒரு பக்கம் பழுப்பும் மறுபக்கம் பச்சையுமாக மாட்டிக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் ஒரு வாரம் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டு, "மாஸ்டர், இடது பக்கம் மட்டும் எப்பவும் மழை வர்ற மாதிரி இருக்கே" என்று திரும்பி வந்தாராம். கடையே சிரித்தது. அத்தானும் சிரித்தார். அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். காரணம் சொல்லவில்லை.

ஜன்னலில்லாத அந்த அறைக்கு வாராவாரம் அவர் கொடுத்த பதில் ஆற்றங்கரை. கல்யாணமான புதிதில் தபால்காரர் ஒருவர் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி கேட்டு வந்தார். படிக்கவா என்று கேட்டதற்கு, பூச்சி கட்ட என்றார். குளிர்ந்த மலையாறுகளில் வாழும் ட்ரௌட் மீனைப் பிடிக்கிறவர்கள் தூண்டிலில் புழு குத்துவதில்லை. இறகையும் கம்பளியையும் நூலால் முள்ளில் சுற்றி, ஆற்றில் பறக்கும் பூச்சி போலவே ஒன்றைச் செய்கிறார்கள். அதைத் தண்ணீர் மேல் எறிந்து மிதக்க விட வேண்டும். மீன் நம்பினால் உண்டு. இதைக் கேட்ட அத்தான் அடுத்த ஞாயிறே தபால்காரரோடு கிளம்பிவிட்டார். மூன்றாவது ஞாயிறு அக்காவும் போனாள். கல்லூரி விடுமுறைக்கு வந்த நானும் தொற்றிக்கொண்டேன். மகள் பிறந்து நடக்கத் தொடங்கியதும் இடுப்பில் கயிறு கட்டிக் கரை மரத்தில் முடிந்து வைத்தோம்.

குடும்பத்தில் வேலை தானாகப் பிரிந்துகொண்டது. பூச்சி கட்டுவது அத்தான். எறிவதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. சமையலறையில் கரண்டி பிடிக்கிற அதே அலட்சியத்தோடு தூண்டில்கோலைப் பிடிப்பாள். நூல் பின்னால் போய் நீண்டு, முன்னால் வந்து, பூச்சி மட்டும் தண்ணீரில் உட்காரும். நான் எறிந்தால் மரத்தில் மாட்டும். "சின்னவ பறவை பிடிக்க வந்திருக்கா" என்பார் அத்தான். பிடித்த மீனைக் கையை நனைத்துக்கொண்டுதான் தொடுவார். முள்ளை எடுத்து, மூச்சு வாங்கும்வரை தண்ணீரிலேயே பிடித்திருந்து விட்டுவிடுவார்.

அக்கா ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் இறந்தாள். பத்து நாள் காய்ச்சல், அவ்வளவுதான். வந்தவர்களெல்லாம் போன பிறகு நான் தங்கி வீட்டைச் சுத்தம் செய்தேன். அத்தான் பூச்சி கட்டும் மேசைக்கு மேல் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆறு ஆணி, ஆறு நூல்கண்டு. ஒட்டடை அடிக்கும்போது என் கை பட்டுப் பலகை விழுந்தது. எடுத்துத் துடைத்துத் திரும்ப மாட்டினேன். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் எங்கே இருந்தன என்று நினைவிருந்தது. பழுப்பு, பச்சை, செங்கல் சிவப்பு மூன்றும் எந்த வரிசை என்று நினைவில்லை. நூல்தானே என்று கைக்கு வந்தபடி மாட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும், கடை நேரம் போக, அத்தான் அந்த மேசையை விட்டு எழவில்லை.

ஆற்றில் மீன்பிடிக்காலம் தொடங்கியதும் மகள் எனக்குப் போன் செய்தாள். "சித்தி, அப்பாகூட நீங்க போங்க. தனியா விடாதீங்க." போனேன். மூன்று ஞாயிறு தொடர்ந்து போனோம். ஒரு மீன்கூட வரவில்லை. கீழே வளைவில் தபால்காரர் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். அத்தானின் பூச்சி மிதந்து வரும். மீன் அடியிலிருந்து எழும், ஒரு கணம் பார்க்கும், திரும்பிப் போய்விடும்.

மூன்றாவது ஞாயிறு அத்தான் கோலை மடக்கினார். "கை போச்சு, சின்னவளே."

"மீனுக்குப் பசியில்லையா இருக்கும்."

"தபால்காரர் பக்கம் மட்டும் பசிக்குதா? சுத்தறது சரியில்ல. அவ போனதிலேர்ந்து கை நடுங்குது போல. எனக்கே தெரியல, மீனுக்குத் தெரியுது." மடக்கிய கோலைத் துணியால் துடைத்தார். "கோலைத் தபால்காரருக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். கடையிலயும் சொல்லிடணும். இந்தக் கையை வெச்சுக்கிட்டு அடுத்தவங்க கண்ணுல விளையாடக் கூடாது."

அப்போது ஒரு பூச்சி பறந்து வந்து அவர் சட்டைக் கையில் உட்கார்ந்தது. அதை மெதுவாக உள்ளங்கைக்கு ஏற்றி, பக்கத்தில் தான் கட்டியதை வைத்து என்னிடம் நீட்டினார்.

"நீயே பாரு. அச்சு அசல். இதுக்கு மேல எப்படிக் கட்டறது?"

பார்த்தேன். உயிருள்ளது வெளிறிய பாசிப்பச்சை. அவர் கட்டியது செங்கல் சிவப்பு.

குளிர்கண்ணாடி ஞாபகம் வந்தது. அக்கா தினமும் அவர் சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டு வைப்பது ஞாபகம் வந்தது. பழக்கடையில் அவர் அமுக்கி மட்டுமே பார்ப்பதும், "பழுத்திருக்கான்னு நீ சொல்லு" என்று அக்காவிடம் நீட்டுவதும். ஆணிகளில் ஏன் ஒரு அடையாளமும் இல்லை என்பதுகூடப் புரிந்தது. அடையாளம் போட்டால் வருகிறவர்கள் கேட்பார்கள். வரிசையை யார் கேட்பார்கள்? முப்பது வருடமாக அக்கா அந்த வரிசையைக் காத்து வந்திருக்கிறாள். நான் ஒரு துடைப்பத்தோடு வந்து கலைத்துவிட்டேன்.

சொன்னால் கை திரும்பக் கிடைக்கும். ஆனால் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பியிருந்தது போகும். கண்ணாடிக்கடை மாஸ்டருக்கே கண் இப்படி என்று ஊர் சிரிக்கும் என்று பயந்துதானே இத்தனை வருடம் வாய் திறக்கவில்லை. அதனால் ஒரு திருட்டு யோசனை செய்தேன். சனிக்கிழமை மத்தியானம், அவர் கடையிலிருந்து வருமுன், கண்டுகளை மாற்றி மாட்டி, அவர் பூச்சிப் பெட்டியிலிருந்த சிவப்புகளைப் பொறுக்கி எடுத்துவிட்டால் தீர்ந்தது.

கண்டுகளை மாற்றிவிட்டேன். பெட்டியில் பாதி பொறுக்கியிருப்பேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன பண்றே?"

"தூசி தட்டறேன், அத்தான்."

"பூச்சிக்குத் தூசி தட்டற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

என் இடது கையைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். அவருக்கு இரண்டிலும் இருந்தது ஒரே மாதிரிப் பூச்சிகள்தான். எதற்காக நான் பிரிக்கிறேன் என்று அவருக்குத் தெரிய அதுவே போதும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அவ சொன்னாளா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வெட்கப்படுவார், கத்துவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவர் முகம் வேறு எதற்கோ காத்திருந்தது.

"இல்ல அத்தான். அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்ல. கூடப் பிறந்தவ எனக்கே சொல்லல. நான்தான் ஒட்டடை அடிக்கிறப்ப பலகையைத் தள்ளிட்டேன். இடமிருந்து மூணாவதா, பச்சை இருந்த எடத்துல, சிவப்பை மாட்டிட்டேன். அன்னிக்கு ஆத்துல நீங்க ரெண்டையும் காட்டினப்பதான் தெரிஞ்சுது."

"ஒரு வார்த்தைகூடவா?"

"சத்தியமா."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "கல்யாணத்துக்கு மொத நாள் சொன்னேன், அவகிட்ட மட்டும். வேணாம்னா இப்பவே சொல்லிடுன்னேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்னா. ஒரு கோபத்துலயாவது உளறியிருப்பான்னு நினைச்சேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எத்தனை?" என்றார்.

"என்னது?"

"சிவப்பு."

எண்ணினேன். "பதினேழு."

சிரிக்க ஆரம்பித்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை. "குளிர்காலம் பூரா உட்கார்ந்து பதினேழு சிவப்புப் பூச்சி கட்டிட்டு, மீனுக்கு மனசில்லைன்னு புலம்பியிருக்கேன் பாரு. அதுங்க உள்ள போய் என்ன சொல்லிச் சிரிச்சிருக்குமோ."

"கடையில ஒண்ணும் சொல்லிடலியே?"

"திங்கக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன்." விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார். "கை நல்லாத்தான் இருக்கு போல."

சிவப்புகளைக் குப்பையில் போடப் போனேன். விடவில்லை. தனி டப்பா ஒன்றில் போட்டு மூடினார். அதற்குச் "சின்னவ பூச்சி" என்று பெயர் வைத்தார். மீன் வராத நாட்களில் வேண்டுமென்றே அதில் ஒன்றை எடுத்துத் தூண்டில் நூலில் கட்டுவார். கடைசிவரை ஒரு மீனும் அதைத் தொடவில்லை. அந்த டப்பாவை மகள் நேற்று என்னிடம் கொடுத்தாள். எண்ணிப் பார்த்தேன். பதினாறு இருக்கிறது. ஒன்றை மரத்தில் விட்டது நான்தான்.

நான் பிடிபட்ட சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிறு. அதிகாலையிலேயே ஆற்றில் இறங்கினோம். அத்தான் முழங்கால் தண்ணீரில் நின்று பெட்டியைத் திறந்தார். ஒரு பூச்சியை எடுத்தார். நூலில் கட்டாமல் விரலில் வைத்துக்கொண்டு நின்றார். கரைமேல் தபால்காரர் யாருக்கோ கையாட்டிக்கொண்டிருந்தார். அத்தான் அவர் போகும்வரை காத்திருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே, குரலைக் கொஞ்சம் இறக்கி, "சின்னவளே, இது என்ன நிறம்?" என்றார்.

"பச்சை, அத்தான்."

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

கிட்டே போய்ப் பார்த்தேன். "பச்சைதான்."

தலையை ஆட்டிக்கொண்டு, பூச்சியை நூலில் முடிய ஆரம்பித்தார். கை நடுங்கவில்லை.