பானெட்டுக்குள் மூலிகை வாசம்

போன செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு உண்மையைச் சொல்ல எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என் காரின் டேஷ்போர்டு தரையில் கிடந்திருக்கும்.

விஷயம் இதுதான். என் மாமியாருக்கு மதுரையில் கண் ஆபரேஷன். புதன்கிழமை காரில் தென்காசிக்கு அழைத்து வர வேண்டும். கண்ணில் காற்றோ தூசியோ படவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி போட்டுத்தான் வர வேண்டும். என் கார் ஏசியோ... செங்கோட்டையில் கேஸ் நிரப்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அனல் காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

பக்கத்திலிருக்கும் குத்துக்கல்வலசை ஊர் மெக்கானிக் சுடலைக்கு போன் போட்டேன்.

"எங்கனயோ லீக் இருக்கு அண்ணாச்சி. கேஸ் போற எடத்துல கூடவே எண்ணெயும் கசியும். எந்த ஜாயின்ட் பிசுபிசுன்னு இருக்கோ, அங்கனதான் ஓட்டை. செவ்வாக்கெழம கொண்டாங்க, பாத்துருவோம்" என்றார்.

செவ்வாய் காலையில் எனக்கு இடுப்புப் பிடிப்பு. நம் ஊரில் இதற்கெல்லாம் டாக்டரிடமா போவோம்? முதலில் குற்றாலம் போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். தேய்த்துவிட்டவர், "அரை மணி நேரம் ஊறட்டும் சார், பொறவு அருவிக்குப் போங்க" என்றார்.

அந்த அரை மணி நேரம் எங்கே போய் நிற்பது? இடுப்பில் ஒரு துண்டு. உடம்பெல்லாம் எண்ணெய். சுற்றிலும் டூரிஸ்ட் பஸ்கள். என்னைப் போல் கூச்சப்படுகிறவனுக்குப் பாதுகாப்பான இடம் ஒன்றே ஒன்றுதான் — சொந்தக் காரின் பானெட். திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன். பார்க்கிறவர்கள் ரிப்பேர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சும்மா நிற்க முடியுமா? சுடலை சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு ஜாயின்டைத் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசு. அடுத்ததைத் தொட்டேன். அதுவும் பிசுபிசு. எதைத் தொட்டாலும் எண்ணெய். உள்ளே மொத்தமும் ஓட்டை என்றே முடிவு கட்டினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

குளித்துவிட்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சுடலை டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"என்ன அண்ணாச்சி, ஒரு எடம் பாக்கியில்ல. இது காரா, பணியாரச் சட்டியா?"

ஒரு பைப்பை விரலால் வழித்து மோந்தார். மறுபடியும் மோந்தார்.

"ஏசி எண்ணெய் இப்படி மணக்காதே. கற்பூரம், ஓமம், என்னமோ கஷாய வாடைல்லா அடிக்கி. செங்கோட்டையில கம்ப்ரசருக்குள்ள கண்டதையும் ஊத்திருக்கான். எல்லாத்தையும் கழத்திக் கழுவணும். டேஷ்போர்டையும் பிரிக்கணும். ரெண்டு நாளாவும்."

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

சுடலை, அது என் எண்ணெய் — நாலே வார்த்தை. வரவில்லை. எப்படி வரும்? துண்டோடு நின்ற கதையிலிருந்தல்லவா ஆரம்பிக்க வேண்டும்? டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவினேன். ஒன்றுக்கு இரண்டு டீ குடித்தேன். தைரியம் டீயில் இல்லை.

திரும்பி வந்தால், டேஷ்போர்டு ஸ்க்ரூ நாலு ஏற்கெனவே ஒரு கிண்ணத்தில் கிடந்தது. சுடலை செங்கோட்டைக்காரரை போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"ஏம்வே, வண்டிக்கு ஏசி வேல பாத்தீரா, பிரசவ வைத்தியம் பாத்தீரா?"

"கம்பெனி ஆயில்தான் வே ஊத்துனேன். பதினஞ்சு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். இப்படிப் பேசாதியும்..."

பாவம், செய்யாத தப்புக்கு அந்த மனிதர் கெஞ்சிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் வார்த்தை வரவில்லை. சட்டைக் கையை மடக்கி, முன்கையை நேராகச் சுடலையின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

மோந்தார். என்னைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார்.

"எப்பம்?"

"காலையில."

"பானெட்டுக்குள்ள படுக்க வச்சா தேச்சாவ?"

போனில் "என்னவே ஆச்சு?" என்று கேட்டது. சுடலை போனை என் கையில் கொடுத்துவிட்டார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், துண்டு உட்பட. செங்கோட்டைக்காரர் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"அது கெடக்கட்டும் சார். எந்தக் கடையில தேச்சிய? எனக்கு ஒரு மாசமா முட்டு வலி."

பிறகு சுடலை எல்லாவற்றையும் துடைத்தார். கொஞ்சம் கேஸ் ஏற்றி, சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே வந்தார். கேஸ் ஏற்றுகிற வால்வில், மூடிக்கு அடியில், மெல்ல முட்டை முட்டையாக நுரை கிளம்பியது. கார் டயரில் காற்றடிக்கும் வால்வுக்குள் இருக்குமே, அந்த மாதிரி ஒரு சின்ன ஊசிதான் கசிந்திருந்தது. மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஓட்டை இருந்தால் கார்கூட நுரை விட்டுச் சொல்லிவிடுகிறது. என்னை மாதிரி ஆட்களுக்குத்தான், யாராவது ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

புதன்கிழமை. கறுப்புக் கண்ணாடியோடு அத்தை முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஏசி ஜில்லென்று ஓடியது. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி வந்ததும் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"மாப்ள, குளிருதுல்லா. இத அமத்திட்டுக் கண்ணாடிய எறக்குங்க. எலுமிச்ச வாசம் நல்லா வரும்."

"முடியாது அத்தை" என்றேன்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் 'முடியாது'. பின்சீட்டிலிருந்த என் மனைவி எட்டி என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்... காய்ச்சலோ என்று.